பத்துக் கட்டா நிலத்தில் எட்டு வீடு

புதன்கிழமை காலை பத்தே முக்காலுக்கு எங்கள் வண்டி சாந்த்ராகாச்சியில் நின்றது. ஹௌரா இன்னும் ஐந்தே மைல். சென்னையில் திங்கட்கிழமை மாலை ஏறியவன் ஆயிரத்துச் சொச்சம் மைலைப் பொறுமையாகக் கடந்துவிட்டேன். இந்தக் கடைசி ஐந்து மைலுக்குத்தான் பொறுமை இல்லை. ஜன்னலுக்கு வெளியே வரிசை வரிசையாகத் தண்டவாளங்கள், கூட்ஸ் வண்டிகள், அவற்றுக்கு நடுவே மழைத் தண்ணீர்.

கட்டக்கில் ஏறிய ஒரு துணி வியாபாரி என் மடியில் இருந்த தகரக் குழாயையே வெகுநேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நீளமாக, மூடி போட்டது. இந்துஸ்தானியில் கேட்டார்:

"அதற்குள் என்ன வைத்திருக்கிறீர்கள்? ஆயுதம் எதுவும் இல்லையே?"

"எட்டு வீடு இருக்கிறது" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. நான் மூடியைத் திறந்து படத்தை விரித்துக் காட்டிய பிறகுதான் அவருடைய தோள் இறங்கியது. காகிதத்தைத் தடவிப் பார்த்து, "நன்றாகப் போட்டிருக்கிறீர்கள்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. சென்னையில் ஒரு கட்டட காண்டிராக்டர் ஆபீஸில் பதினாலு வருஷமாக நான் டிராப்ட்ஸ்மேன். மற்றவர்கள் யோசித்த வீடுகளைக் கோடு போட்டுக் கொடுப்பதே என் பிழைப்பு. முதல் முதலாக நானே யோசித்து வரைந்த வீடுகள் அந்தக் குழாயில் இருந்தன.

விஷயம் இதுதான். என் தங்கை தர்முவின் அகமுடையான் விசுவநாதன் கல்கத்தாவில் ஒரு சணல் கம்பெனியில் குமாஸ்தா. அவரும் அவரைப் போன்ற ஏழு தமிழ்க் குமாஸ்தாக்களும் சேர்ந்து, நகரத்துக்குத் தெற்கே டாலிகஞ்சில் பத்துக் கட்டா நிலம் குத்தகைக்குப் பேசியிருந்தார்கள். கட்டா என்பது அந்த ஊர் அளவு, எழுநூற்றிருபது சதுர அடி. நிலத்தின் சொந்தக்காரர் வீட்டுக் காரியஸ்தர் ஒரு நிபந்தனை போட்டார்: அந்த மாதக் கடைசிக்குள் முனிசிபாலிடி அனுமதித்த கட்டடப் படத்தைக் கொண்டுவந்தால் நிலம் இவர்களுக்கு, இல்லாவிட்டால் அடுத்து நிற்கும் செங்கல் வியாபாரிக்கு. கல்கத்தா என்ஜினீயருக்குக் கொடுக்க இவர்களிடம் வசதி இல்லை. "அண்ணாவை வரவழையுங்கள்" என்று தர்மு சொல்லியிருக்கிறாள். நான் பதினைந்து நாள் லீவு போட்டுவிட்டு வந்தேன்.

பகல் பன்னிரண்டு மணி. ஹௌரா ஸ்டேஷனில் விசுவநாதன் குடையோடு நின்றார். ஹூக்ளிப் பாலம் படகுகளின்மேல் மிதக்கிற பாலம். அன்றைக்கு நடுப்பகுதியைக் கழற்றிக் கப்பல்களை விட்டுக்கொண்டிருந்தார்கள். வண்டிகள், மாடுகள், ஜனங்கள் எல்லாம் இந்தக் கரையிலேயே தேங்கி நின்றன. இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். ஆற்றங்கரைப் படிகளில் உட்கார்ந்து அவர் மெதுவாகப் பேச்சை எடுத்தார்.

"உங்களிடம் ஒன்று சொல்லிவிடுகிறேன். தர்முவுக்கு இன்னும் முழுசாகத் தெரியாது. இந்த வீடு அமையாவிட்டால், நீங்கள் திரும்பும்போது அவளையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்."

"எத்தனை நாளைக்கு மாப்பிள்ளை?"

"நாள் கணக்கு இல்லை. மாயவரத்தில் அப்பா அம்மாவோடு இருக்கட்டும். நான் மெஸ்ஸுக்குப் போய்விடுகிறேன். எங்கள் எட்டுப் பேரில் நாலு பேர் அப்படித்தான் இருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் போய்ப் பெண்டாட்டி பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வருகிறார்கள்."

போன மழைக்காலத்தில் அவர்களுடைய ஐந்து வயதுப் பெண் மீனா காய்ச்சலில் நாற்பது நாள் படுத்திருந்தாள். பிழைத்துக்கொண்டாள். ஆனால் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம், இன்னொரு மழையை அந்த அறையில் கழிக்கக் கூடாது என்று. விசுவநாதன் இதைச் சொல்லும்போது ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தகரக் குழாயைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கடைசியில் பாலத்துக்குக் காத்திராமல், தலைக்கு அரையணா கொடுத்துப் படகில் அக்கரை போனோம். அங்கிருந்து பவானிபூர் வரை குதிரை வண்டிக்குப் பத்தணா.

அந்த வீட்டை எப்படி விவரிப்பது? கீழே நாலு அறை, நாலு தமிழ்க் குடும்பம். மாடியில் வங்காளிக் குடும்பங்கள். முற்றத்தில் எல்லோருக்கும் ஒரே குழாய். தர்முவின் அறை பன்னிரண்டுக்குப் பத்தடி. அதற்கு மாதம் ஒன்பது ரூபாய். திருவல்லிக்கேணியில் கிணறும் இரண்டு கட்டும் உள்ள முழு வீட்டுக்கு நான் கொடுப்பது எட்டு ரூபாய். சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஈரம் ஏறி, சுண்ணாம்பு அப்பளம்போல் உப்பியிருந்தது.

"வா அண்ணா. ரயில்லே தூங்கினியா?" என்று தர்மு சிரித்த முகத்தோடு வந்தாள். மீனா அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு என்னை எட்டிப் பார்த்தது. குழந்தைக்குத் தமிழைவிட வங்காளி சரளமாக வருகிறது. நல்லவேளை, அம்மாவின் அண்ணனுக்கு இரண்டு பாஷையிலும் 'மாமா'தான். அந்த ஒரு வார்த்தையில் நாங்கள் சிநேகமானோம்.

வியாழக்கிழமை காலை ஏழரைக்கு எட்டுப் பேருக்கும் தலைவர் மாதிரி இருந்த ராமநாதய்யர் வந்து என்னை டாலிகஞ்சுக்கு அழைத்துப் போனார். ஒரு பாங்கியில் ஹெட்கிளார்க். அளந்து பேசுகிறவர். டிராம் எண்ணெயில் வழுக்குவதுபோல் ஓடியது. குதிரையும் இல்லை, புகையும் இல்லை. இரண்டாம் வகுப்புக்கு ஓரணா. டிராம் நிற்கிற இடத்திலிருந்து அரை மைல் நடந்தால் எங்கள் நிலம். வழியெல்லாம் வாழைத்தோட்டம், மூங்கில் புதர், வீட்டுக்கு ஒரு குளம். குளத்தை அங்கே புகூர் என்கிறார்கள். இத்தனை குளம் எதற்கு என்று நினைத்தேனே தவிர யாரையும் கேட்கவில்லை.

நிலம் அறுபதடி அகலம், நூற்றிருபதடி நீளம். கிழக்கே ரஸ்தா. தெற்குக் கோடி மட்டும் கொஞ்சம் பள்ளமாகப் பாசி பிடித்திருந்தது. "அதைத் தூர்த்துவிடலாம்" என்றேன். ராமநாதய்யர் அனுப்பிய அளவுகளை வைத்து நான் சென்னையில் இருந்தபடியே வரைந்த படம் நிலத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. முப்பதடிக்கு இருபத்திரண்டு அடியில் எட்டு வீடு, வரிசைக்கு நாலாக இரண்டு வரிசை, நடுவில் ஒரு சந்து. ஒரு சாண் இடம்கூட வீணாகவில்லை. ராமநாதய்யர் படத்தையும் நிலத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பேஷ்" என்றார். அவர் வாயிலிருந்து பேஷ் வருவது அபூர்வம் என்று விசுவநாதன் பிற்பாடு சொன்னார்.

சனிக்கிழமை பகல் ஒரு மணிக்கு முனிசிபல் ஓவர்சியர் நிலத்தைப் பார்வையிட வருவதாக ஏற்பாடு. பத்து மணிக்கு மழை பிடித்தது. சென்னையிலும் மழை பெய்கிறது. ஆனால் அங்கே விழுகிற மழையை மணல் குடித்துவிடும். இங்கே மண் ஏற்கெனவே நிரம்பிப் போயிருக்கிறது. விழுந்ததெல்லாம் விழுந்த இடத்திலேயே நிற்கிறது. பன்னிரண்டரைக்கு மழை விட்டது. நானும் விசுவநாதனும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நிலத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, நிலத்தைக் காணோம். பள்ளத்தில் இடுப்பளவு, மேட்டிலும் கணுக்கால் அளவு தண்ணீர். மூலைக்கு ஒன்றாக அடித்திருந்த முளைக்குச்சிகளில் இரண்டு மிதந்து போயிருந்தன.

ஓவர்சியர் நிவாரண் பாபு வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். ஐம்பது வயதிருக்கும். ஒல்லி. படத்தைக் குடைக்கு அடியில் விரித்துப் பார்த்தார். இங்கிலீஷில் கேட்டார்:

"மெட்ராஸில் வரைந்ததா?"

"ஆமாம்."

"கோடு அழகாக இருக்கிறது. தரையை ரஸ்தாவைவிட எத்தனை அடி உயர்த்துவதாக உத்தேசம்?"

"முக்கால் அடி."

அவர் கைத்தடியைத் தண்ணீரில் நட்டு, நனைந்த அளவை எனக்குக் காட்டினார். பிறகு, "இரண்டரை அடி உயர்த்தவேண்டும். அத்தனை மண்ணுக்கு எங்கே போவீர்கள்?" என்று கேட்டார். விலைக்கு வாங்குவோம் என்றேன். என்ன விலை ஆகும் என்று சொன்னார். வீடு கட்டுகிற செலவில் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்கே போய்விடும்.

"அதோ பாருங்கள், அதோ, அதோ." தடியால் சுற்றிலும் இருந்த குளங்களைக் காட்டினார். "வீடு கட்டுகிற ஒவ்வொருவனும் முதலில் குளம் வெட்டுகிறான். அந்த மண் வீட்டுக்கு அடியில் போகிறது. மழைத் தண்ணீர் குளத்துக்குப் போகிறது. உங்கள் பள்ளம்தான் உங்களுக்குக் குளம். அதைத் தூர்த்தால் தண்ணீர் உங்கள் சமையல் அறைக்கு வரும். இந்தப் படத்தில் நான் கையெழுத்துப் போட முடியாது, மிஸ்டர். புதன்கிழமை வேறு படம் கொண்டுவாருங்கள், பார்க்கலாம்."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் எனக்கு அவமானமாக இருந்தது. மண்ணையே பார்க்காமல் வீடு வரைந்திருக்கிறேன். விசுவநாதன் ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை. திரும்பி வருகிற வழியெல்லாம், "கால் வழுக்கும், பார்த்து வாங்கோ" என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு ராமநாதய்யர் வீட்டில் எட்டுப் பேரும் கூடினார்கள். நான் நடந்ததைச் சொன்னேன். தெற்கே நாற்பதடி குளத்துக்குப் போனால் மீதி எண்பதுக்கு அறுபது. அதில் நெருக்கிப் போட்டாலும் ஐந்து வீடுதான் என்றேன். மெஸ்ஸில் இருக்கும் நாலு பேரில் ஒருவர், திருநெல்வேலிக்காரர், "எம் பொண்டாட்டிக்கு லெட்டர் போட்டுட்டேனே, தை மாசம் வந்திரலாம்னு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ராமநாதய்யர் தொண்டையைக் கனைத்தார். "மூணு பேர் விலகத்தான் வேணும். கடைசியாச் சேர்ந்தவா விலகறதுதான் நியாயம்."

கடைசியாகச் சேர்ந்த எட்டாவது ஆள் விசுவநாதன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஏதாவது சொன்னால் தங்கைக்காகப் பேசியதாக இருக்கும். சொல்லாவிட்டால் தங்கையை ரயில் ஏற்றவேண்டும். "புதன்கிழமை வரைக்கும் டைம் கொடுங்கோ" என்றேன். அதற்குமேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பவானிபூருக்குத் திரும்பியபோது மறுபடி மழை. முற்றத்துத் தண்ணீர் படி ஏறி அறைக்குள் வந்துவிட்டது. நான் பதறிப்போய் உள்ளே நுழைந்தேன். தர்மு கட்டில்மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மீனா பக்கத்தில் பொம்மைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தது. அந்த ஊரில் கட்டில் கால் ஒவ்வொன்றுக்கும் அடியில் நாலைந்து செங்கல் வைத்து உயர்த்திவிடுகிறார்கள். கட்டிலுக்குக் கீழே ஒரு பலகைத் தட்டு, அதன்மேல் அரிசி, பருப்பு, பாத்திரம், பெட்டி. குடித்தனம் முழுதும் கீழே, மனிதர்கள் மேலே. தண்ணீர் பலகையைத் தொடாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"செருப்பை மேலே வைச்சுட்டு ஏறி உட்காரு. ரெண்டு நாழியிலே வடிஞ்சுடும்" என்றாள்.

நான் ஏறி உட்கார்ந்தேன். எதையும் மறைக்கத் தோன்றவில்லை. ஐந்து வீடு, மூன்று பேர் விலகுவது, மாயவரம், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் கீரையை வைத்துவிட்டாள்.

"கல்யாணம் ஆகி ஏழு வருஷம் ஆச்சு அண்ணா. சேர்ந்திருந்தது மூணு வருஷம். இந்த ஓட்டை அறையாயிருந்தாலும் சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் செருப்புச் சத்தம் கேக்கறது. நான் போகமாட்டேன்."

"இடம் இல்லையே தர்மு."

"நீ யாருக்காக வீடு போடறே? ஆம்பளைகள் எட்டுப் பேரையும் கேட்டே. பகல் பூரா வீட்டிலே இருக்கறவாளை ஒருத்தரையாவது கேட்டியோ? கூடம் எதுக்கு? முன்னறை எதுக்கு? இங்கே யார் வந்து உட்காரப் போறா? எனக்கு அடுப்பு தனியா இருக்கணும், ராத்திரி குழந்தை காய்ஞ்ச இடத்திலே படுக்கணும். அவ்வளவுதான் வேணும்."

"காய்ஞ்ச இடம்தானே கிடைக்கலை?"

"மேலே காய்ஞ்சுதானே இருக்கு?" என்று கட்டிலை உள்ளங்கையால் தட்டினாள்.

நான் கட்டிலைப் பார்த்தேன். கீழே சாமான், மேலே படுக்கை. ஏழுக்கு ஆறடி இடத்தில் அவள் இரண்டு கட்டு வீடு நடத்திக்கொண்டிருந்தாள். நான் வீட்டைப் படுக்கப் போட்டே பழகியவன். அதை நிறுத்தி வைக்கலாமே! பதினாலடி அகலத்தில் ஒடுக்கமாக ஒரு வீடு. கீழே சமையல், சாமான். மேலே படுக்கை அறை. உள்ளேயே ஒரு ஏணிப்படி. அப்படி நாலு நாலாக இரண்டு வரிசை. பக்கத்து வீட்டுச் சுவரே நமக்கும் சுவர். எட்டு வீட்டுக்கும் அஸ்திவாரமும் கூரையும் பாதியாகக் குறைந்துவிடும். வீட்டில் செலவு தின்பது அவை இரண்டும்தான்.

மழை விட்டதும் தர்முவோடு அந்த வீட்டிலும் அடுத்த தெருவிலும் இருந்த மற்ற மூன்று குமாஸ்தாக்களின் மனைவிகளைப் பார்க்கப் போனேன். முதலில் கதவுக்குப் பின்னால் நின்று பேசியவர்கள் பத்து நிமிஷத்தில் என் பென்சிலைப் பிடுங்காத குறை. "மாடியிலே சமையல் வச்சுடாதேங்கோ, தண்ணி சுமந்து மாளாது" என்றார் ஒரு அம்மாள். "குழாய் எல்லாருக்கும் ஒண்ணாயிருக்கட்டும். அங்கேதான் நாலு வார்த்தை பேச முடியறது" என்றார் இன்னொருவர். ராமநாதய்யரின் மனைவி, "ஏணிப்படி செங்குத்தா வேண்டாம். வயித்துப் பிள்ளைக்காரி ஏறணும்" என்றார். பதினாலு வருஷத்தில் எந்த என்ஜினீயரும் என்னிடம் சொல்லாத அளவு அது. படியின் உயரத்தை ஒன்பது அங்குலத்திலிருந்து ஏழாகக் குறைத்துக்கொண்டேன்.

ஆனாலும் ஒரு பயம். கொழகொழ மண்ணில் மாடி நிற்குமா? திங்கட்கிழமை காலை நிவாரண் பாபுவின் ஆபீஸுக்கே போய்க் கேட்டேன். "பெஹாலாவில் என் சிநேகிதர் ஒருவர் இதே மாதிரி மண்ணில் மாடி கட்டிப் பத்து வருஷமாகிறது. போய் உங்கள் கண்ணாலேயே பாருங்கள்" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். டாலிகஞ்சிலிருந்து பெஹாலாவுக்கு மூன்று மைல், சேற்றிலும் வரப்பிலும் நடந்தேன். அந்த வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்து வாத்தியார். சீட்டைப் படித்துவிட்டு, இளநீர் ஒன்றைக் கையில் கொடுத்து, மூலை முடுக்கெல்லாம் பார்க்க விட்டார். சுவர் நெடுக நகத்தால் தடவிப் பார்த்தேன். ஒரு மயிரிழை வெடிப்புகூட இல்லை.

"மேட்டு மண்ணை நம்பிச் சுவரை வைக்காதீர்கள்" என்றார் வாத்தியார். "அஸ்திவாரம் கீழே பழைய மண் வரை அகலமாகப் போகட்டும். கொட்டிய மண்ணின்மேல் தரை மட்டும் போடுங்கள். தரை இறங்கினால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். சுவர் இறங்கினால் என்ன செய்வீர்கள்?"

அன்று மத்தியானமும் செவ்வாய்க்கிழமை முழுதும் கட்டில்மேல் ஒரு பழைய கதவைப் போட்டு அதன்மேல் வரைந்தேன். மீனா மசிக்கூட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இந்தத் தடவை இடம் மிஞ்சியது. துணி உலர்த்த மொட்டை மாடி வந்தது. நடுவில் பன்னிரண்டு அடி முற்றம், குழாயோடு வந்தது. பின்பக்கம் தோட்டி வர ஏழடிச் சந்தும் வந்தது.

புதன்கிழமை பகல் பதினொரு மணி. முனிசிபல் ஆபீஸ் வராந்தாவில் நான், விசுவநாதன், ராமநாதய்யர் மூவரும் காத்திருந்தோம். விசுவநாதன் ஆபீஸுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, கோட்டும் தலைப்பாகையுமாக வந்திருந்தார். நிவாரண் பாபு படத்தை மேஜைமேல் விரித்து நாலு மூலையிலும் பேப்பர் வெயிட் வைத்தார். கால் மணி நேரம் ஸ்கேலை வைத்து ஒவ்வொரு சுவரையும் அளந்தார். மாடிப்படியில் மட்டும் இரண்டு தடவை அளந்தார்.

"ஏழு அங்குலப் படி. யார் சொன்னது?"

"அங்கே குடியிருக்கப் போகிற ஒரு அம்மாள்."

என்னை நிமிர்ந்து பார்த்தார். மறுபடி குனிந்தார். "முற்றம் பன்னிரண்டு அடி. இரண்டு பக்கமும் மாடி எழும்பினால் கீழே வெயில் விழாது. பதினைந்து வேண்டும்."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. தோட்டி வரவேண்டிய பின்சந்தில் கை வைக்க முடியாது. பிறகு மனசுக்குள் கணக்குப் பார்த்தேன். வீடு ஒன்றுக்கு ஆழத்தில் ஒன்றரை அடி குறைத்தால் சரியாகப் போயிற்று. சமையல் அறையைத் தொடாமல் சாமான் அறையிலிருந்து எடுக்கலாம். "உட்காரலாமா?" என்று கேட்டு, அவர் மேஜையிலேயே உட்கார்ந்து பழைய கோட்டைச் சுரண்டிவிட்டுப் புதுக் கோட்டைப் போட்டேன்.

அவர் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். முத்திரை விழுந்தது. "குளத்தில் மீன் விடுவீர்களா?" என்று கேட்டார். நாங்கள் சைவம் என்றேன். "அப்படியானால் நான் வந்து தூண்டில் போடுகிறேன்" என்றார். ராமநாதய்யர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வெளியே வந்ததும் விசுவநாதன் ஆபீஸ் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். முகத்தைத் துடைத்தார், மறுபடி துடைத்தார். மழையில்லாத பகல் அது. பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். ரொம்ப நாள் தூக்கி நடந்த சுமையை இறக்கி வைத்தவன் தோளைத் தடவிக்கொள்வதுபோல் சும்மா உட்கார்ந்திருந்தோம். ராமநாதய்யர்தான், காரியஸ்தரிடம் போகவேண்டும் என்று எங்களைக் கிளப்பினார். மூன்று மணிக்குள் குத்தகைப் பத்திரம் எழுதியாகிவிட்டது. செங்கல் வியாபாரிக்கு நிலம் போகவில்லை. ஆனால் செங்கல்லை அவரிடமே வாங்குவதாகப் பேசி அவரையும் சந்தோஷப்படுத்தியாயிற்று.

மழைக்காலத்தில் குளம் வெட்ட முடியாது. ஐப்பசியில் ஆரம்பித்தால் அடுத்த மழைக்கு முன்னால் குடி போகலாம். அதுவரை மீனாவுக்கு என்ன வழி? அதற்கும் விசுவநாதன் அன்றே முடிவு செய்தார். அதே வீட்டு மாடியில் ஒரு அறை காலியாக இருந்தது, மாதம் பதிமூன்று ரூபாய். முடிவே தெரியாமல் அந்த வாடகையைக் கொடுக்க அவரால் முடியாது. பத்து மாதம்தான் என்று தெரிந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்துவிடலாம்.

தர்முவிடம் படத்தைக் காட்டினேன். அவளுக்கு முத்திரையோ கையெழுத்தோ கண்ணில் படவில்லை. விரலை வைத்துத் தன் வீட்டைத் தேடினாள். எட்டாம் நம்பர், குளத்தின் பக்கம், கோடி வீடு. அதன் மாடியறையில் விரல் நின்றது.

"ஜன்னல் எந்தப் பக்கம்?"

"தெற்கே. குளத்தைப் பார்த்து."

"காத்து வரும்" என்றாள். பிறகு உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். கொஞ்ச நேரத்தில் பாயச வாசனை வந்தது. அவள் அழுதாளா என்று எனக்குத் தெரியாது. கல்கத்தா அடுப்புக் கரிப் புகையில் யார் கண்ணும் சிவக்கும்.

சனிக்கிழமை மாலை ஹௌராவில் சென்னை மெயிலில் ஏறினேன். எட்டுப் பேரும் வந்திருந்தார்கள். திருநெல்வேலிக்காரர் மட்டும் தனியாக என்னிடம் வந்து, "சித்திரையிலே வான்னு லெட்டர மாத்தி எழுதிட்டேன்" என்றார். வண்டி கிளம்பியது. எனக்கு எதிரில் இரண்டு பேர் உட்காருகிற இடம் காலியாகவே இருந்தது. தங்கையையும் குழந்தையையும் உட்காரவைத்து அழைத்துப் போயிருக்கவேண்டிய இடம். காலியான பெஞ்சியைப் பார்த்து ஒருவனுக்கு இத்தனை நிம்மதி வருமா என்று நீங்கள் கேட்கலாம். வந்தது. காலை நீட்டி அதன்மேல் போட்டுக்கொண்டேன். கரக்பூர் வருவதற்குள் தூங்கிப்போனேன். பத்து நாளில் அதுதான் என் முதல் நல்ல தூக்கம்.

இப்போது சென்னையில் என் மேஜைக்குத் திரும்பிவிட்டேன். இங்கே மணல் பூமி. கையளவு தோண்டினாலும் காய்ந்து கிடக்கும். அதனால்தானோ என்னவோ, மண்ணைப் பற்றியும் மனிதர்களைப் பற்றியும் ஒன்றும் கேட்காமலேயே இத்தனை வருஷம் வீடு வரைந்தேன். நேற்று எங்கள் ஆபீஸில் மயிலாப்பூர் வக்கீல் ஒருவருக்கு வீட்டுப் படம் போடச் சொன்னார்கள். அவர் தமக்கு வேண்டியதையெல்லாம் அரை மணி நேரம் சொன்னார். நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "வீட்டிலே அம்மாளை ஒரு வார்த்தை கேட்கலாமா?" என்றேன். வக்கீல் கொஞ்சம் விழித்தார். நாளைக் காலை எட்டு மணிக்குத் தம் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார்.